சித்திரை முடியும் வரை

திருச்சியில் குடிநீர்ப் புகார் பிரிவு என்று ஒன்று இன்னும் இருக்கிறது. அதில் நான் இருக்கிறேன், ஒரு மின்விசிறி இருக்கிறது, புகார்தான் இல்லை. கத்திரி வெயிலில் உறையூர்ப் பக்கம் சில நாட்களாகத் தண்ணீர் வரவில்லை என்பது அங்கேயே குடியிருக்கும் எனக்குத் தெரியும். யாரும் கூப்பிடவில்லை. ஒரே ஒரு அம்மாள் மட்டும் கூப்பிட்டு, "தண்ணி வரலம்மா. வரும்போது வரட்டும், சும்மா தகவலுக்குச் சொன்னேன்" என்றார். முன்பு இதே நாற்காலியில் இருந்தவர்கள் வாங்கிய வசவுகளைப் பற்றி அலுவலகத்தில் கதை கதையாகச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

காரணம் சமனி. அரிசி அளவுதான் இருக்கும். பிடரியில் தோலுக்கு அடியில் வைத்துவிடுவார்கள். இரத்தத்தில் எந்த ஹார்மோன் எவ்வளவு ஓடுகிறது என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். நம் மூளைக்குக் கீழே பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. தைராய்டு, அட்ரினல், சினைப்பை என்று பல சுரப்பிகளை வேலை வாங்கும் மேஸ்திரி அதுதான். சமனி அந்த மேஸ்திரியின் காதருகே உட்கார்ந்து, இது போதும், அதைக் கொஞ்சம் கூட்டு என்று சொல்லிக்கொண்டே இருக்கும். கூடுதலாகச் சுரந்துவிட்டால் அங்கேயே தடுத்து நிறுத்திவிடும். சர்க்கரையைக் கவனிக்கும் கணையத்தையும் விட்டுவைக்காது. நான் இதைக் குறை சொல்ல வரவில்லை. என் அப்பா சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்து, அதன் பிறகு ரொம்ப நாள் இருக்கவில்லை. சமனி கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் இன்றைக்கும் ஈசிசேரில் சாய்ந்துகொண்டு என்னை விரட்டிக்கொண்டிருப்பார்.

சர்க்கரையோடு சேர்ந்து பயமும் போயிற்று. யாரும் கேட்டு வாங்கியதல்ல, கூடவே வந்த இலவசம். பயம் மூளையில் ஆரம்பித்தாலும், நெஞ்சு அடித்துக்கொண்டு, கை வேர்த்து, வயிறு கலங்கினால்தான் மூளையே அதை நம்புகிறதாம். சமனி உடம்பை அசையவிடாது. மூளையும் சரி, ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று விட்டுவிடும்.

என் பெயர் மகிழினி. பெற்றவர்கள் ஆசையாக வைத்தது. எங்கள் வீட்டில் சமனி இல்லாத ஒரே ஆள் நான். இருபது வயதில் என் உடம்பே என் அட்ரினல் சுரப்பிகளைத் தின்றுவிட்டது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டும் என்னிடம் வெறும் தழும்பு. சமனி கட்டளை போடலாம், கேட்பதற்கு ஆள் வேண்டுமே. அதனால் காலையும் மதியமும் கார்ட்டிசால் மாத்திரை. காய்ச்சலோ அதிர்ச்சியோ வந்தால் இரட்டிப்பாக. வாந்தி எடுத்து மாத்திரை தங்காமல் போனால் கைப்பையில் எப்போதும் இருக்கும் ஊசி. அதையும் போடாவிட்டால் இரத்த அழுத்தம் இறங்கிப் போய்ச் சேர வேண்டியதுதான். பயப்படுகிற மூளை என்னிடம் முழுசாக இருக்கிறது, அதைத் தாங்குகிற சரக்குதான் உடம்பில் இல்லை. மற்றவர்களிடம் சரக்கு இருக்கிறது, பயத்தைக் காணோம்.

ஆகவே வீட்டில் நான் எதற்காவது பதறினால் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "மாத்திரை போட்டியா?"

தங்கை நித்திலா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். வளைகாப்பு முடிந்து கை நிறைய வளையலோடு ஹாலில் உட்கார்ந்து நாள் முழுக்க மாங்காய் தின்றாள். அவள் கணவர் செழியன் விமான நிலையத்தில் ஆளில்லாச் சரக்கு விமானங்களை வழிநடத்துகிறவர். ஒரே நேரத்தில் வானத்தில் பல விமானங்களைப் பிரித்து ஓட்ட வேண்டிய வேலை. சமனி இல்லாதவருக்கு அந்த அறைக்குள் நுழையவே அனுமதி கிடையாது. நல்ல மனுஷர். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. எதுவும் உயர்ந்தே நான் பார்த்ததில்லை.

சித்திரை பிறந்ததும் கரூரிலிருந்து செழியனின் அம்மா கூப்பிட்டார். தலைப்பிள்ளை சித்திரையில் பிறந்தால் தகப்பனுக்கு ஆகாது, அதனால் வைகாசி வரட்டும் என்றார். வாழைக்காய் வாங்கி வா என்று சொல்லும் குரலில்தான் சொன்னார். மருத்துவமனையில் அதற்கு ஒரு வசதி இருந்தது. நிறுத்தம் என்று பெயர். பிரசவ வலியைக் கிளப்பும் ஹார்மோன்களைச் சமனி குறித்த நாள் வரை எழவிடாது. முகூர்த்தம், நட்சத்திரம், கணவரின் விடுமுறை, எதற்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். செழியன் கைப்பேசியில் இரண்டு முறை தட்டினார். வைகாசி முதல் தேதி என்று பதிவாகிவிட்டது.

முன்காலத்தில் சித்திரைக்குப் பயந்தவர்கள் ஆடியிலேயே புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவார்கள். அதையும் மீறிப் பிறந்துவிட்டால் கோவிலில் ஏதாவது பரிகாரம் செய்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சப் போய்விடுவார்கள். வலி வந்த பிறகு யாரும் மாதம் பார்த்ததில்லை. பெண் பிழைத்து எழுந்திருக்க வேண்டுமே என்கிற பயம் மாதத்துப் பயத்தைவிடப் பெரிது. ஒரு பயத்தை இன்னொரு பயம் அடக்கி வைத்திருந்தது. சமனி இரண்டையும் எடுத்துவிட்டது. சம்பிரதாயம் மட்டும் மிச்சம், அதை நடத்திவைக்க ஒரு பொத்தானும் கிடைத்துவிட்டது.

என் மாத்திரைச் சீட்டைப் புதுப்பிக்கப் பாலக்கரையில் டாக்டர் ஷமீமாவிடம் போனபோது இதைக் கேட்டேன். ஷமீமா என்னோடு பள்ளியில் படித்தவள். சுரப்பி நோய்களில் நிபுணர். நிபுணருக்கு நோயாளிகள்தான் இல்லை, என்னைப் போன்ற நாலைந்து மிச்சசொச்சங்கள் மட்டும். மற்ற நேரமெல்லாம் சமனி பொருத்துகிறாள். அவள் பிடரியிலும் ஒன்று இருக்கிறது.

"வலி எப்ப வரணும்னு யாருடி முடிவு பண்றது? அம்மாவா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும் சேர்ந்துதான். குழந்தையோட அட்ரினல் கடைசி மாசத்துல ரொம்ப சுறுசுறுப்பாயிடும். அதுலேருந்து வர்ற கார்ட்டிசாலாலதான் நுரையீரல் காத்து வாங்கத் தயாராகுது. அதே சமயம் நஞ்சுக்கொடிக்கும் சேதி போகும். ஆட்டுக்குட்டியில இது ரொம்பத் தெளிவாத் தெரியும், மனுஷருக்குக் கொஞ்சம் சிக்கல். ஆனா சேதி ஒண்ணுதான். நான் தயார், கதவைத் திறன்னு சொல்லுது."

"நிறுத்தம் போட்டா?"

"குழந்தை தட்டும். காலிங்பெல் ஒயரைப் பிடுங்கிவிட்ட மாதிரி. அம்மா உடம்புக்குக் கேக்காது."

"எத்தனை நாள் தட்டும்?"

"நஞ்சுக்கொடிக்கும் வயசுன்னு ஒண்ணு இருக்கில்ல. அது தளர ஆரம்பிச்சா குழந்தைக்குப் போற இரத்தம் குறையும். குழந்தை சக்தியை மிச்சம் பிடிக்கும். முதல்ல அசையறதைக் குறைச்சுக்கும்."

"ஆபத்துதானே அது?"

"ஆபத்துதான்," என்றாள், பஸ் நேரம் சொல்கிற மாதிரி. மாத்திரைச் சீட்டில் கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

"தெரிஞ்சுமா சும்மா இருக்க?"

"சொல்லிட்டேன் மகிழ். மேல எழுதி அனுப்பியிருக்கேன். பார்ப்பாங்க." அவள் என் முகத்தைக் கவனித்துவிட்டு, "ஊசி கைவசம் வச்சிருக்கேல்ல?" என்று கேட்டாள். வைத்திருக்கிறேன் என்றேன். "வெளியிலேருந்து அவ்வளவு கார்ட்டிசால் ஒரே அடியா இரத்தத்துல வந்தா சமனி குழம்பிடும், தெரியுமா? தன் கணக்குதான் தப்புன்னு நினைச்சுப் பூட்டிக்கும். ஆளுங்க வந்து திறக்கிற வரைக்கும் செத்த பொருள்தான். நல்லவேளை, உனக்கு அந்தத் தொல்லை இல்ல."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் அலுவலகத்திலிருந்து நித்திலாவைக் கூப்பிட்டு, அசையுதா, எத்தனை தரம், எந்தப் பக்கம் என்று பிடுங்கினேன். அவள் சலித்துக்கொள்ளக்கூட இல்லை. சலிப்புக்கும் ஏதோ ஒரு ஹார்மோன் வேண்டும் போலிருக்கிறது. "அசையுதுக்கா. நீ சாப்பிட்டியா?" என்று கேட்பாள், அவ்வளவுதான்.

சித்திரையின் கடைசி நாள் காலை அவள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து வழக்கம்போலக் கேட்டேன்.

"நேத்து சாயங்காலம் அசைஞ்சுது," என்றாள் சட்னியைத் தொட்டுக்கொண்டே.

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் இல்ல. தூங்குது போல."

நான் எழுந்துபோய் ஐஸ் போட்டு சர்க்கரை கரைத்த பால் கொண்டுவந்தேன். குடித்தாள். இடது பக்கமாகப் படுக்கச் சொன்னேன். படுத்தாள். அவள் வயிற்றில் என் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். உள்ளே ஒரு சின்ன உந்தல், ஒரு நெளிவு, எதுவும் வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு என் கையை ஆதரவாகத் தடவிக் கொடுத்தாள்.

"அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போகணும்," என்று கத்தினேன்.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "நாளைக்குத்தானே வரச் சொல்லியிருக்காங்க? மாத்திரை போட்டியா?"

போட்டிருந்தேன். பின்கட்டுக்குப் போய் அதை வாந்தியும் எடுத்துவிட்டேன். திரும்பி வந்து மறுபடி இரண்டு போட்டேன், அவையும் தங்கவில்லை. எனக்கு அதைப்பற்றி நினைக்க நேரமில்லை. ஆட்டோ கூப்பிட்டேன். நித்திலா எனக்காகப் போனால் போகிறதென்று புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள். அம்மா பிளாஸ்கில் காப்பி எடுத்துக்கொண்டார். தென்னூர் பாலத்தில் ஆட்டோ நின்றுவிட்டது, முன்னால் ஏதோ லாரி பழுது. ஒரு ஹாரன் சத்தம்கூட இல்லை. அத்தனை வண்டிகளும் வெயிலில் சாந்தமாக நின்றுகொண்டிருந்தன. நான் மட்டும் ஆட்டோவிலிருந்து இறங்கி, வழி விடுங்க, வழி விடுங்க என்று ஓடினேன். எல்லோரும் என்னைப் பார்த்துப் பரிவோடு சிரித்தார்கள்.

மருத்துவமனையில் டாக்டர் பிரணவி ஸ்கேன் பார்த்தார். சின்ன வயது, பொறுமையான பெண். செழியனும் விமான நிலையத்திலிருந்து வந்து சுவரோரமாக நின்றார். திரையில் குழந்தையின் இதயம் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"துடிப்பு இருக்கு. ஆனா கொஞ்சம் சோர்வா இருக்கு. நீர் குறைஞ்சிருக்கு," என்றார் டாக்டர்.

"அப்ப எடுத்துடுங்க டாக்டர்."

"ஆபரேஷனுக்கு அனுமதி வராதுங்க. பாருங்க." நித்திலாவின் மணிக்கட்டில் கட்டியிருந்த மருத்துவமனைப் பட்டையைக் காட்டினார். பச்சையாக இருந்தது. அது சிவந்தால்தான் ஆபரேஷன். "முன்னெல்லாம் பயத்துலயே தேவையில்லாம எத்தனையோ பேருக்கு வயித்தைக் கிழிச்சிருக்காங்க. அதனால இப்ப குழந்தை, அம்மா ரெண்டு பக்கமும் சேர்த்துப் பார்த்துத்தான் சிஸ்டம் முடிவு பண்ணும். அம்மா இவ்வளவு அமைதியா இருந்தா ஆபத்து குறைவுன்னு கணக்கு. அனுபவத்துல வந்த கணக்குதான் அது."

"அவ அமைதியா இருக்கிறதுக்குக் காரணம் பிடரியில இருக்கு டாக்டர்."

"ஆமா," என்று ஒப்புக்கொண்டார். "அந்தக் கணக்கு சமனி வர்றதுக்கு முன்னாடி போட்டது. மாத்தணும்னு பேசிட்டிருக்காங்க."

"நிறுத்தத்தையாவது எடுங்களேன்."

"எடுக்கலாம். படிப்படியாத்தான் இறங்கும். நாளைக்கு மதியம் ஆயிடும். எப்படியும் நாளைக்கு வைகாசி பிறந்துடுது, நீங்க கேட்ட நாளே கிடைச்சுடும்." அவர் அதை நல்ல சேதியாகத்தான் சொன்னார்.

நான் செழியனைப் பார்த்தேன். "தம்பி, நீங்களாவது சொல்லுங்க."

"டாக்டர் சொல்றது சரியாத்தானே இருக்கு அண்ணி," என்றார். அவர் முகத்தில் ஒரு கெட்ட எண்ணம் கிடையாது. அதுதான் என்னைக் கொன்றது. இத்தனை பேர் இருக்கிற இடத்தில் ஒரு பிள்ளை செத்துக்கொண்டிருக்கிறது, அறையில் எல்லோருமே நல்லவர்கள்.

டாக்டர் அடுத்த அறைக்குப் போனார். அம்மா எல்லோருக்கும் காப்பி ஊற்றினார். நான் வராந்தாவுக்கு வந்து ஷமீமாவைக் கூப்பிட்டேன். வாய் உலர்ந்திருந்தது, கண் முன்னால் வெளிச்சம் வந்து வந்து போனது.

"ஷமீமா, என் ஊசியை நித்திலாவுக்குப் போட்டா பூட்டிக்குமா?"

"பூட்டிக்கும்."

"அவளுக்கு ஏதாவது ஆகுமா? குழந்தைக்கு?"

"ஒரு ஊசியில ஒண்ணும் ஆகாது. சமனி நின்னா அவளோட சொந்த அட்ரினலின் எழுந்துக்கும். உனக்குத்தான் ஊசி இருக்காது. இன்னைக்கு மாத்திரை தங்குச்சா?"

"இல்ல."

"அப்ப அது உனக்கு வேணுமே."

"தெரியும்."

"சரி," என்றாள். வைத்துவிட்டாள். ரசம் கொதித்துவிட்டது, அடுப்பை அணைக்கப்போகிறேன் என்று நான் சொல்லியிருந்தாலும் அதே சரிதான் வந்திருக்கும்.

உள்ளே போனேன். நித்திலாவின் கட்டிலில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். ஒளித்து மறைத்துச் செய்ய எனக்கு மனசு வரவில்லை. ஊசி போட்டால் சமனி நின்றுவிடும், பயம் வரும், ரொம்ப வரும், பட்டை சிவப்பானால் ஆபரேஷன் செய்வார்கள் என்றேன்.

அவள் யோசித்தாள். "அத்தை வைகாசின்னு சொன்னாங்களே," என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "உனக்கு நிம்மதின்னா போட்டுக்கோக்கா," என்று சொல்லிப் புடவையைத் தொடைவரை ஒதுக்கினாள். வளையல்காரரிடம் கை நீட்டுவதுபோல அவ்வளவு சாதாரணமாக.

குப்பியின் தலையை அழுத்திப் பொடியையும் நீரையும் கலக்கினேன். ஊசியில் ஏற்றினேன். பல வருடங்களாகப் பையில் சுமந்து, காலாவதி ஆக ஆக மாற்றி மாற்றி வைத்தது. குத்தினேன். அம்மா பார்த்துக்கொண்டே, "அது உன்னோடதாச்சே," என்றார். ஆமாம் என்றேன்.

செழியனின் கைப்பேசியில் சமனி பூட்டப்பட்டது என்று சேதி வர வெகு நேரம் ஆகவில்லை. அதற்குப் பிறகும் நித்திலா அப்படியேதான் படுத்திருந்தாள். எதுவும் நடக்காது போலிருக்கிறது என்று நான் நினைக்கிற நேரத்தில் அவள் மின்விசிறியைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். கை வேர்த்திருந்தது. அது என்ன என்று அவளுக்குப் புரியவில்லை. கல்லூரி நாட்களில் சமனி வைத்துக்கொண்டவள், மறந்தே போயிருந்தாள்.

"அக்கா."

"சொல்லுடி."

"எப்பலேருந்து அசையல?"

"நேத்து சாயங்காலத்துலேருந்துன்னு நீதான் சொன்ன."

அவள் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?" என்றாள். "இட்லி சாப்பிட்டேன்க்கா. பிள்ளை அசையல, நான் இட்லி சாப்பிட்டேன்."

பிறகு அவள் கத்திய கத்தலை அந்த மருத்துவமனைச் சுவர் பல வருடமாகக் கேட்டிருக்காது. மணிக்கட்டுப் பட்டை மஞ்சளாகி உடனே சிவந்தது. எங்கோ மணி அடித்தது. அனுமதி வந்துவிட்டது என்று டாக்டர் பிரணவி சொன்னார். நர்சுகள் வந்தார்கள், நிதானமாக, ஆனால் கை தப்பாமல் வேலை செய்தார்கள். அவளை ஸ்ட்ரெச்சரில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனார்கள். செழியன் பக்கத்தில் நடந்தார். அம்மா பிளாஸ்கை மூடினார்.

நான் கூடவே போனேன் என்றுதான் நினைக்கிறேன். வராந்தாத் தரை திடீரென்று கன்னத்தில் பட்டது. குளிர்ச்சியாக இருந்தது. எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றவில்லை. எனக்கு மேலே சில கால்கள் கடந்து போயின. யாரோ ஒரு நர்ஸ், "இவங்களைப் பெஞ்ச்ல உட்கார வைங்க, கூட்டம் குறைஞ்சதும் பார்க்கலாம்," என்றார். அம்மா குனிந்து, "படுத்துக்கோ, சரியாயிடும்," என்று தலையைத் தடவினார். என் அம்மா என்னை நேசிக்கிறார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் செத்திருந்தாலும் தலையைத் தடவிக்கொண்டுதான் இருந்திருப்பார்.

அப்போது ஸ்ட்ரெச்சர் நின்றது.

நித்திலா ஆபரேஷன் அறைக் கதவின் நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். விரல்களை எடுக்க இரண்டு பேர் முயன்றார்கள். "அங்க பாருங்க, எங்கக்கா விழுந்துட்டாங்க. அவங்களுக்கு அட்ரினல் கிடையாது. அவங்க ஊசியை எனக்குப் போட்டுட்டாங்க. செத்துடுவாங்க. கார்ட்டிசால் ஊசி போடுங்க, சலைன் ஏத்துங்க."

"பார்த்துக்கறோம்மா, நீங்க உள்ள வாங்க."

"நீங்க பார்த்துக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும், நானும் இப்ப வரைக்கும் உங்களை மாதிரிதான் இருந்தேன். என் கண்ணு முன்னால போடுங்க. போட்டாத்தான் கையை எடுப்பேன்." அழுதுகொண்டே சொன்னாள். "சீக்கிரம் போடுங்க, என் பிள்ளைக்கு நேரமாகுது."

இத்தனை வருடத்தில் அவள் ஒரு முறையாவது, மாத்திரை தங்கியதா, ஊசி இருக்கிறதா என்று தானாகக் கேட்டதில்லை. ஆனால் எனக்கு என்ன வியாதி, என்ன மருந்து, எவ்வளவு நேரம் தாங்கும் என்று எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததெல்லாம் எங்கோ உள்ளே மடித்து வைத்த துணிபோலக் கிடந்திருக்கிறது. எடுத்து உதறுவதற்குப் பயம் வேண்டியிருந்தது. என் கையில் ஊசி ஏறியதை அவள் பார்த்தாள். விரல்களை விட்டாள். கதவு மூடிக்கொண்டது.

பெண் குழந்தை. சித்திரையின் கடைசிப் பொழுதில் பிறந்தது. முதலில் அழவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தை நான் பக்கத்து அறையில் சலைன் ஏறிக்கொண்டிருக்கும்போது சுவர் வழியாகக் கேட்டேன். நித்திலா, ஏன் அழல, ஏன் அழல என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. இன்னும் ஒரு பொழுது போயிருந்தால் வந்திருக்காது என்று டாக்டர் பிரணவி பிற்பாடு சொன்னார். சொல்லிவிட்டுத் தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது வருகிறதா என்று பார்த்தாரோ என்னவோ.

கரூருக்குச் செழியன் சேதி சொன்னார். ஸ்பீக்கரில் அவர் அம்மாவின் குரல் கேட்டது. "சித்திரையிலயே பொறந்துடுச்சா? சரி, ஆகட்டும். என்ன பேரு வைக்கலாம்?" அவ்வளவுதான். அதற்காகத்தான் இவ்வளவும்.

சமனிக் கம்பெனியிலிருந்து ஒருவர் பூட்டைத் திறக்க வந்தார். நித்திலா அப்புறம் வாங்க என்று அனுப்பிவிட்டாள். மறுபடி வந்தபோதும் அதே பதில். அவள் படுகிற பாட்டைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கும். குழந்தை தூங்கினால் மூக்கருகே விரலை வைத்து மூச்சுப் பார்ப்பாள். விழித்திருந்தால் ஏன் தூங்கவில்லை என்பாள். எலும்பாக இளைத்துவிட்டாள், கண்ணுக்குக் கீழே கருவளையம். ஒருநாள் அலுவலகத்தில் தொலைபேசி அடித்தது. எடுத்தேன். "ஏங்க, உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா? தண்ணி வராம பச்சைப் பிள்ளையை எப்படிங்க குளிப்பாட்டறது?" என்று யாரோ கிழித்துத் தொங்கவிட்டார்கள். பாதியில்தான் அது என் தங்கை என்று தெரிந்தது. நான் குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டேன். அன்று மாலையே உறையூருக்குத் தண்ணீர் லாரி போயிற்று.

அவளுக்கு நான் செய்தது நல்லதுதானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. குழந்தை பிழைத்தது, அது நிச்சயம். ஆனால் ஒருத்தியைக் கரையிலிருந்து இழுத்து நான் தத்தளிக்கிற தண்ணீருக்குள் போட்டிருக்கிறேன். "இது எப்பக்கா போகும்?" என்று ஒருமுறை கேட்டாள். போகாது என்றேன். கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு எழுந்து பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போய்விட்டாள்.

ஐந்தாம் மாதம் அவர்களை விமான நிலையக் குடியிருப்பில் கொண்டுபோய் விட்டோம். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போயிருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்து நானும் செழியனும் கீழ் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். மாடியில் குழந்தை வீறிட்டது. சமையலறையில் பாத்திரம் உருண்டது. நித்திலா ஈரக் கையோடு இரண்டு இரண்டு படியாகத் தாவி ஓடினாள். செழியன் எழுந்தார், இரண்டு அடி வைத்தார், நின்றார். திரும்பி வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க தம்பி."

"குழந்தை அழுதா அவ ஓடறா. ஓடணும்னு எனக்கும் தெரியுது. ஆனா கால் நடந்துதான் போகுது." அதே சமமான குரல்தான். "அன்னைக்கு ஆஸ்பத்திரில நான் சுவரோரமா நின்னுட்டிருந்தேன். டாக்டர் சொல்றது சரின்னு சொன்னேன். அதை அடிக்கடி நினைச்சுப் பார்க்கறேன். வருத்தம் வரணும், வரல. வரலைங்கிறது மட்டும் தெரியுது."

மாடியில் அழுகை அடங்கி, நித்திலா ஏதோ முனகிச் சமாதானம் செய்யும் சத்தம் கேட்டது.

"என்னோடதையும் பூட்டிடணும் அண்ணி. அவளுக்குப் பண்ணின மாதிரி."

"விளையாடறீங்களா? அன்னைக்கே வேலை போயிடும். இந்த வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்க. அவளைப் பாருங்க, தூக்கம் இல்ல, சோறு இல்ல. இத்தனை வருஷம் வராம இருந்ததெல்லாம் ஒரே நாள்ல வரும் தம்பி. தாங்க முடியாது." பேசிக்கொண்டே கைப்பையில் மாத்திரையைத் தேடினேன். "இதையெல்லாம் நினைச்சா உங்களுக்குப் பயமா இல்லையா?"

"இல்ல அண்ணி," என்றார். "அதனாலதான் கேக்கறேன்."